எத்தனாவது ஆள்

கப்பலைக் கைது செய்ய
விலங்கு வேண்டாம்.
ஒரு தாளும் ஒட்டுகிற டேப்பும் போதும்.
கோர்ட்டு அமீனா கர்மெனு ஸெராஃபா
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து
சுக்கான் அறைக் கண்ணாடியில் ஆணையை ஒட்டினார்.
வடகிழக்குக் காற்று ஒரு மூலையைப் பிய்த்தது.
எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினார்.

எனக்கு அங்கே வேலையில்லை.
வல்லெட்டாவில், மூன்றாம் மாடியில்,
சட்டத்துக்கு வாக்கியம் எழுதுகிறவள் நான்.
பதினெட்டு வருஷமாகக் கப்பல் கப்பல் என்று எழுதுகிறேன்,
ஒன்றிலும் ஏறியதில்லை.
ஒரு தரம் பார்த்துவிடலாமே என்று
அவர் படகில் தொற்றிக்கொண்டேன்.

அணியத்தில் பெயர் கல்லியோப்பி.
வெள்ளைச் சாயத்துக்கு அடியில்
பற்றவைத்த பழைய எழுத்துகள்
அம்மைத் தழும்பாய்த் தடித்துத் தெரிந்தன.
மூன்று பெயர்களாவது இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று.
பின்புறத்தில் தாய்த்துறைமுகம்: உலான்பாதர்.
கடலே இல்லாத ஊர்.
உரிமையாளர் யாரென்று கேட்டால்
ஒரு தபால் பெட்டியின் எண்ணைச் சொல்கிறார்கள்.

என் மேசையில் கிடக்கும் மசோதா
ஒரு வரிசையைப் பற்றியது.
கப்பல் ஏலம் போன பிறகு
பந்திக்கு முந்துவது யார் என்பது.
இன்றுவரை மாலுமியின் கூலி முன்னே,
வங்கியின் அடமானம் பின்னே.
இனிமேல்
மூன்று மாதம் போக மிஞ்சிய கூலிப் பாக்கி
அடமானத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த வக்கீல் ஃபோல்கெர்ட்ஸ்
சர்க்கரை போடாத காப்பியைக் கலக்கிக்கொண்டே,
கோபமே இல்லாமல் சொன்னார்:
"பின்வரிசையில் நிற்கிற வங்கி
கடன் தராது, அம்மணி.
கப்பல்களும் வேறு நாட்டுக் கொடிக்கு ஓடிவிடும்.
கப்பலே இல்லாத இடத்தில் கூலி ஏது?"
அவர் சொன்னதில் பொய் இல்லை,
அதுதான் தொல்லை.
குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள்.
நானும் குறித்துக்கொண்டேன்.

சமையலறையில் ஒதார், பாத்துமிக்காரர்,
இரண்டு முறை கொதித்த தேயிலையை
மூன்றாம் முறை கொதிக்கவைத்துத் தந்தார்.
அடுப்புக்கு மேலே சுவரில் பென்சில் கோடுகள்,
நாலு நேராக, ஐந்தாவது குறுக்காக.
சம்பளம் வராத பதினான்கு மாதம்.
நாலாவது கோட்டைத் தொட்டு, மகள் கல்யாணம் என்றார்.
ஒன்பதாவதைத் தொட்டார்,
ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு,
"சட்டம் எழுதுகிறவராமே,
வரிசையில் நான் எத்தனாவது ஆள்?"

சுவரைப் பார்த்து எண்ணினேன்.
மூன்று மாதம்.
முதல் மூன்றா, கடைசி மூன்றா?
வரைவில் அது இல்லை.
எழுதாமல் விட்டது நான்.
முதல் மூன்று என்றால்
கல்யாணம் ஒரு கோடு தள்ளி வெளியே நிற்கிறது.
கடைசி மூன்று என்றாலும்
கல்யாணம் வெளியே,
அந்த ஒன்பதாவது கோடும் வெளியே.

"பார்க்க வேண்டும்" என்றேன்.
கவர்ன்மெண்டில் இருக்கிறவர்கள்
இருமலைப் போல வைத்திருக்கும் சொல்.
அவர் தலையசைத்து என் கோப்பையை வாங்கிக்கொண்டார்.
அடியில் கிடந்த தூளைக் கொட்டவில்லை,
கெட்டிலில் திரும்பப் போட்டார்.

கயிற்றேணியில் இறங்கிப் படகில் உட்கார்ந்ததும்
கர்மெனு முழங்காலில் படிவத்தை வைத்து
செலவுக் கணக்கு எழுதினார்.
தாள். டேப். படகு வாடகை.
டீசல் நாற்பது லிட்டர்.
ஏலப் பணத்தில் முதல் பிடி கோர்ட்டுச் செலவுக்கு:
வங்கிக்கு முன்னால், கூலிக்கும் முன்னால்.
அந்த வரியில் எந்த மசோதாவும் கை வைத்ததில்லை,
நானும் வைத்ததில்லை.

"ஆட்கள் எத்தனை என்று போட?"
பேனா காத்திருந்தது.
நாக்கில் இன்னும் அந்தத் தேநீரின் கசப்பு.
வேடிக்கை பார்க்க வந்தவள் நான்.

"இரண்டு" என்றேன்.